ஓட்டை அக்காவும் ஒல்லியான ஊரும்

நாற்பது நகரங்களைக் கணினியில் வரைந்துவிட்டு ஓய்வு பெற்றவள்தான். ஆனால் புவியியல் துறையில் அவளுக்குக் கடைசிவரை ‘ஓட்டை அக்கா’ என்றே பெயர். அந்தக் காலத்தில் கணினிக்குக் கட்டளை சொல்லும் அட்டைகளில் பகலெல்லாம் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அந்த ஓட்டைகளை யந்திரம் படித்து வரைபடமாக அச்சடிக்கும் என்று அவள் சொன்னபோது ஈ காக்கா கூட நம்பவில்லை. கணவரே, “முதல்ல என் கண்ணாடி எங்கன்னு அது கண்டுபிடிக்கட்டும்” என்றார்.

துறைத்தலைவர் போனால் போகிறதென்று ஒரு வாய்ப்பு கொடுத்தார். புதிய தீயணைப்பு நிலையத்தை எங்கே வைக்கலாம் என்று நகராட்சி கேட்டிருந்தது. தீயணைப்பு வண்டி தாமதமாக வந்துசேரும் இடங்கள் கறுப்பாகத் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் படம் வராவிட்டால் கணினியில் அவளுக்கு ஒதுக்கிய நேரம் புள்ளியியல் துறைக்காரர்களுக்குப் போய்விடும்.

புதன்கிழமை அச்சு யந்திரம் கடகடவென்று தாளைத் துப்பியது. உருண்டையான ஊர் வெள்ளரிக்காயாக நீண்டிருந்தது.

“ஊரு ரொம்ப இளைச்சுப் போச்சேக்கா” என்றார், துறையில் மசிப்பேனாவால் வரைபடம் வரைபவர். அக்காவுக்கு அழுகை முட்டியது.

யந்திரத்துக்குக் கோடு போடத் தெரியாது; எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துத்தான் கறுப்பாக்கும். அதற்காகக் கட்டத்தாளில் சதுரத்துக்கு ஓர் எழுத்தாகக் கணக்குப் போட்டிருந்தாள். யந்திரத்தின் எழுத்தோ அகலத்தைவிட உயரம். பட்டம் வாங்கியவள் கோட்டை விட்ட இடம் இதுதான். தன்னைத்தானே திட்டிக்கொண்டு, கட்டங்களை உயரமாக்கி, அறுநூறு அட்டைகளையும் புதிதாகப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஊர் உருண்டையாக வந்தது. தலைவர் முகம் சுளித்தார். “ஒரு கோடு கூட இல்ல. வெறும் எழுத்தா இருக்கு.” தாளை மடிக்கப்போனவர் நிறுத்தினார். வரைபடத்தைக் கையில் வாங்கிய எவனும் தன் வீட்டைத் தேடாமல் விட்டதில்லை.

“நம்ம வீடு எங்கம்மா வருது?”

அக்காவின் விரல் ஆற்றோரமாகப் போய், பாலம் தாண்டி, இருப்பதிலேயே கறுப்பான இடத்தில் நின்றது.

“வண்டி வர எவ்வளவு நேரமாகும்?”

“இருபத்திரண்டு நிமிஷம் சார்.”

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “எங்க அம்மா மாடியில படுத்த படுக்கையா இருக்காங்க” என்றார் மெதுவாக.

அக்காவுக்கு ஜெயித்ததற்குச் சந்தோஷப்படவே வெட்கமாக இருந்தது. அவர் தாளை மடிக்காமல் பத்திரமாகச் சுருட்டினார்.

“நகராட்சிக்கு இத நானே கொண்டுபோறேன். புள்ளியியல்காரங்க வேற நேரம் பாத்துக்கட்டும்.”