தாய்-சேய் திட்டத்தில் நான்

ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி, மருந்துக்கடை ஒன்றின் தங்க உறுப்பினர் பதவி. மலையடிவாரத்தில், பேளுக்குறிச்சியில் புதிதாகத் திறந்திருந்த கடை அது. பில் போடும்போது செல்போன் எண்ணைச் சொன்னால் புள்ளிகள் சேரும். போதுமான அளவு சேர்ந்துவிட்டால் கண்ணாடி அலமாரியில் உள்ள பரிசுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அலமாரியின் நடுத்தட்டில், மின்சாரத்தில் சூடாகும் ஒத்தடப் பட்டை ஒன்று இருந்தது.

என் மனைவிக்கு முழங்கால் வலி. மலைமேல் எங்கள் செம்மேட்டுக் குளிரில், காலையில் அவள் கட்டிலைவிட்டு எழுந்து நிற்பதற்குள் நான் செய்தித்தாளில் தலையங்கத்தையே முடித்துவிடுவேன்.

"காசு குடுத்தே வாங்கிரலாமுங்களே," என்றாள்.

"சும்மா கெடைக்கறதுக்குக் காசு குடுத்தா அது தண்டச்செலவு. ஆடிட்ல மாட்டும்."

"எங்காலு ஆடிட்டு வரைக்கும் தாங்காதுங்க."

கடையின் விதிமுறைகளை முழுவதும் படித்தேன். அப்படிப் படித்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். எழுதியவரே படித்திருக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஒரே எண்ணில் எத்தனை பேர் வேண்டுமானாலும் வாங்கலாம், தடை எதுவும் இல்லை. நாங்கள் இருவர் விழுங்கும் மாத்திரைகளை மட்டும் நம்பியிருந்தால் பட்டை வந்துசேர எனக்கு இன்னொரு பணிக்காலம் தேவைப்பட்டிருக்கும். எனவே சந்தைக்கு இறங்குகிற மலைக்காரர்களிடம் சொல்லிவைத்தேன். மருந்து வாங்கினால் என் எண்ணைச் சொல்லுங்கள் என்று.

எண்ணை எழுதிக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. நான் தாலுகா ஆபீஸில் இருந்த காலத்தில், பட்டா என்ன ஆச்சு, வருமானச் சான்று என்ன ஆச்சு என்று அழைத்து அழைத்து மலையில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். தன் எண்ணையே மறந்தவர்களுக்கும் என் எண் தெரியும்.

புள்ளிகள் குவிந்தன. கூடவே குறுஞ்செய்திகளும் குவிந்தன. என் எண்ணில் யார் எதை வாங்கினாலும் கடையின் கணினி அவ்வளவையும் ஒரே உடம்புக்குள் போட்டது. என் பேன் மருந்து தீரப்போகிறது என்று நினைவூட்டியது. எனக்குத் தலையில் முடி கிடையாது. என் சொறிக் களிம்புக்குத் தள்ளுபடி தந்தது. குடற்பூச்சி இன்னும் தொந்தரவு தருகிறதா என்று பரிவோடு விசாரித்தது. பிறகு ஒரு காலையில், உங்கள் ஏழாம் மாதத்துக்கான இரும்புச்சத்து மாத்திரை தயார் என்று வந்தது. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தாள்.

"ஏனுங்க, ஏழு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேங்க?"

புள்ளிகள் நிறைந்தபோது மாதக் கடைசி. அன்றைக்குள் எடுக்காவிட்டால் எல்லாம் காலாவதி. இருவரும் பஸ்ஸில் மலையிறங்கினோம். வளைவுக்கு வளைவு அவள் முழங்கால் முன் சீட்டில் இடித்தது. இடிக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்தாள்.

கவுன்டரில் இருந்த பெண் என் எண்ணைத் தட்டிவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"சார், உங்களுக்குப் பட்டை வராதுங்களே. நீங்க தாய்-சேய் திட்டத்துல இருக்கறீங்க. டயாபரும் கிரைப் வாட்டருந்தான் காட்டுது."

"யார் என்னை அதுல சேத்தது?"

"சிஸ்டமே சேத்துக்கிச்சுங்க."

"அப்ப அதையே எடுக்கச் சொல்லும்மா."

"அதுக்கு வழி இல்லீங்க சார்."

மனைவி கவுன்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றாள். நான் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். வழி இல்லை என்று சொல்வதற்கே அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கியவன் நான். வழி எப்போதும் இருக்கும், யாரும் படிக்காத பத்தியில் இருக்கும். செல்போனில் விதிமுறைகளைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போய், அந்தப் பத்தியைக் காட்டினேன். பிரசவம் முடிந்த உறுப்பினர் பொதுத் திட்டத்துக்குத் திரும்பலாம்.

கவுன்டர் பெண் படித்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப டெலிவரி ஆயிருச்சுன்னு போட்டரட்டுங்களா சார்?"

"போடும்மா."

"நார்மலுங்களா, ஆப்பரேசனுங்களா? கேக்குது."

"நார்மல்."

பின்னால் வரிசை ஓரடி நெருங்கி வந்தது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் எங்கள் மலைக்காரர்கள்.

"என்ன கொழந்தைங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள். "பொண்ணுன்னு போடு கண்ணு. எனக்கு ரெண்டும் பசங்களாப் போச்சு."

எங்கள் தெருவுக்கு மேலே மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர் வரிசையிலிருந்து தலையை நீட்டினார். "எங்க மருமக தின்ன மாத்தரயிலதான் சார் உங்களுக்கு இந்தக் கொழந்தயே பொறந்துச்சு. முட்டாயி எங்கீங்க?"

கணினி யோசித்தது. கடையே அதன் திரையை எட்டிப் பார்த்தது. கடைசியில் அந்தப் பெண் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள்.

எந்தப் பொருளையும் சோதிக்காமல் பெற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் விதி. கடையின் பிளக்கிலேயே பட்டையைச் செருகச் சொன்னேன். மனைவி நாற்காலியில் காலை நீட்டி, அதை முழங்காலில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். முகம் மெல்லத் தளர்ந்தது. வரிசை அவளைச் சுற்றி வளைந்து போனது.

வெளியே செம்மேட்டுப் பஸ் ஹாரன் அடித்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு விரைந்தேன்.

"பச்ச ஒடம்போட ஓடாதீங்க," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "அடுத்த பஸ்ஸுல போலாமுங்க."