இரண்டாம் குருதி

உயிர்மருத்துவத் துறையின் இளம் ஆய்வாளர்களுக்கென்று கடல்கடந்த கழகமொன்று ஆண்டுதோறும் பரிசு வழங்கி வந்தது. முனைவர் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆனவர்கள் மட்டும் அதற்கு விண்ணப்பிக்கலாம். பரிசை வென்றவருக்கு மூன்றாண்டு ஆய்வுச் செலவையும் அக்கழகம் ஏற்கும். போர் முடிந்த ஆண்டே எனக்குரிய இறுதி வாய்ப்பாக இருந்தது.

நான் அப்போது தற்காலிக விரிவுரையாளர். என் ஆய்வுகூடம் என்பது இரண்டு மேசைகளும், ஒரு நுணுக்குக்காட்டியும், வேறொரு திட்டத்திலிருந்து இரவலாகப் பெற்ற உறைகுளிர்ப் பெட்டியுமே. பரிசு கிடைத்தால் எலிக்காய்ச்சலை உறுதிசெய்யும் சோதனையை மட்டக்களப்பிலேயே நடத்தலாம். கிடைக்காவிட்டால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அறையைப் பூட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே வேறு வழி இருக்கவில்லை.

எலிக்காய்ச்சல் வயலின் நோய். எலியின் சிறுநீர் கலந்த நீர் கால்வெடிப்பின் வழியே கிருமியை உடலுக்குள் செலுத்திவிடும். மாரி வெள்ளாமைக்காக வயல்வட்டைக்குள் இறங்கிய உழவர்கள் காய்ச்சலில் விழுந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் அற்று, மருத்துவமனைக்கு வந்து சேருமுன்பே சிலர் இறந்தார்கள். அக்கிருமியின் எவ்வகை அவர்களைக் கொல்கிறது என்று எவரும் அறிந்திருக்கவில்லை. அதை அறிய ஒருவரிடமிருந்து இருமுறை குருதி பெற வேண்டும். காய்ச்சலின்போது ஒருமுறை, தேறிய சில கிழமைகளின் பின் மறுமுறை. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருள் முதற் குருதியைவிட இரண்டாம் குருதியில் பன்மடங்கு உயர்ந்திருந்தால் மட்டுமே நோய் உறுதியாகும். ஒன்றில்லாமல் மற்றது பயனற்றது.

நான் முதன்முறை திரட்டிய குருதிகள் கடல்கோளின்போது அழிந்தன. அலை எங்கள் ஆய்வுகூடத்தைத் தொடவில்லை. வாவிக்கு இப்பாலிருந்த எங்களுக்கு மின்சாரம் மட்டுமே அற்றுப்போயிற்று. மின்பிறப்பாக்கியைக் காயமடைந்தவர்களுக்காக மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார்கள். கேட்டபோது தயங்காமல் கொடுத்தேன். இன்று கேட்டாலும் கொடுப்பேன். சில நாட்கள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது எழுந்த நாற்றம், அக்கிழமை ஊரெங்கும் இருந்த நாற்றத்திலிருந்து வேறாகத் தெரியவில்லை.

மறுபடியும் தொடங்கினேன். என்னோடு பணியாற்றிய தொழில்நுட்பர் உன்னிச்சையைச் சேர்ந்தவர். ஏறக்குறைய என் வயதினர். எதையும் நகைத்துக் கடக்கும் இயல்பினர். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஊர்களின் சிறு மருந்தகங்களில் இருந்த தாதியர் காய்ச்சற்காரர்களின் குருதியை எடுத்து எங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். தேறியவர்களை வீட்டுக்குச் சென்று பார்த்து இரண்டாம் குருதியை நாங்களே பெறுவதென்பது ஏற்பாடு. ஆனால் கடல்கோளுக்குப் பின் வந்த இரண்டாம் மாரியில் அவ்வூர்களின்மேல் எறிகணைகள் விழத் தொடங்கின. வீடுகள் வெறுமையாயின. வெல்லாவெளிப் பக்கத்து மக்களும் உன்னிச்சைப் பக்கத்து மக்களும் வாவியைக் கடந்தும் தெருவழியே நடந்தும் முகாம்களை அடைந்தார்கள். நாங்கள் அவர்களைத் தேடி முகாம்களுக்குப் போனோம்.

செங்கலடிக்கு அண்மையில் ஒரு பாடசாலையில் இருந்த முகாம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தொழில்நுட்பர் படியில் நின்று பெயர்களை உரத்து வாசித்தார். வாசித்த ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் எழுந்து வந்தார். எவரும் தவறவில்லை. நல்லூழ் என்று எண்ணி நான் மகிழ்ந்தேன்.

வெல்லாவெளி உழவர் ஒருவரின் பெயர் வாசிக்கப்பட்டபோது, ஒரு பெண் தன் அருகிலிருந்த ஆடவரின் தோளைத் தொட்டாள்.

“இஞ்ச, உங்களத்தான் கூப்பிடுறாங்க. எழும்புங்க.”

அவர் வந்து அமர்ந்து கையை நீட்டினார். “நுளம்பு கடிச்சு ரெத்தம் குடிக்கிறது காணாதெண்டு நீங்களும் வந்திருக்கீங்களா, மிஸ்?”

“நுளம்பு கேட்டிட்டா குடிக்குது?” என்றார் தொழில்நுட்பர். “நாங்க கேட்டெல்லோ எடுக்கிறம்.”

“அப்ப ஏலாதெண்டு சொன்னா விட்டிருவீங்களா?”

“சும்மா இரிங்க,” என்றாள் அப்பெண். “கைய ஆட்டாம மிஸ்ஸ எடுக்க விடுங்க.”

காய்ச்சலுக்குப் பிறகு உடல்நிலை எப்படி என்று வினவினேன். அவர் அவளைப் பார்த்தார். “தேறிட்டார் மிஸ்,” என்று அவளே மறுமொழி கூறினாள். “கண் மஞ்சளெல்லாம் போயிட்டு. பாருங்களன்.” கீழிமையை இழுத்துப் பார்த்தேன். கண்கள் மிகத் தூய வெண்மையாக இருந்தன.

குருதிகள் இருந்தும் சோதனைக்குரிய பொருட்கள் வந்து சேரவில்லை. போரினால் நெடுந்தெருக்கள் மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலம். குருதியை உறையவிட்டு மேலே தெளிந்த மஞ்சள் நீரைச் சிறு குழாய்களில் பிரித்து, இணையிணையாகப் பெட்டிக்குள் அடுக்கிக் காத்திருந்தோம். போர் முடிவுக்கு வரும் வேளையில் அந்தப் பரிசுக்கு விண்ணப்பித்தேன். ஆய்வில் இடைவெளி நேர்ந்தவர்களுக்குக் கழகம் கால நீட்டிப்பு வழங்கும். அதற்கு ஏற்ற காரணங்களாக மகப்பேறும், நெடுநோயும், படைச்சேவையும் சொல்லப்பட்டிருந்தன. கடல்கோளும் இடப்பெயர்வும் அவற்றுள் இல்லை.

“அப்ப ஆமியில சேர்ந்திருந்தா உங்களுக்கு ரெண்டு வருஷம் கூடக் கிடைச்சிருக்கும், மிஸ்,” என்றார் தொழில்நுட்பர்.

இறுதிச் சுற்றுக்கு என்னைத் தெரிவு செய்திருப்பதாகக் கழகம் அறிவித்தது. நேர்காணலுக்குமுன் இணைக்குருதிகளின் முடிவுகள் அனைத்தையும் அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். தெருவும் திறந்திருந்தது, பொருட்களும் வந்திருந்தன. அறையில் அந்நாட்களில் இருந்த ஊக்கத்தை அதன்பின் நான் எங்கும் கண்டதில்லை.

வெல்லாவெளி உழவரின் இணையிலேதான் முதன்முதலில் ஐயம் எழுந்தது. முதற் குருதியில் எதிர்ப்பொருள் தெளிவாக இருந்தது. இரண்டாவதில் அதன் சுவடே இல்லை. ஓர் உடல் சில கிழமைகளுக்குள் தன் நோயை இவ்வாறு மறப்பதில்லை. குழாய்கள் மாறியிருக்கலாம் என்று எண்ணிக் குருதி வகுப்பைப் பார்த்தோம். தெளிநீரிலிருந்தும் அதை அறியலாம். முதற் குருதிக்குரியவர் ஏ வகுப்பினர். இரண்டாவதற்குரியவர் பி வகுப்பினர்.

தொழில்நுட்பர் சோதனையை மறுபடியும் செய்துவிட்டு நிமிர்ந்தார். “எங்கட ஊர்ல தெய்வம் வந்து ஆடினாலும் ஆள்ட ரெத்தம் மாறாது, மிஸ்.”

எஞ்சிய இணைகளையும் பார்த்தோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக மேலும் சில மாறுபட்டன. மாறுபடாதவற்றையும் நம்ப இயலவில்லை. அவ்வூர்களில் ஓ வகுப்பினர் மிகுதி; உடன்பிறந்தோர் ஒரே வகுப்பினராக இருப்பதும் இயல்பு. ஒருவருக்காக இன்னொருவர் கை நீட்டியிருந்தால், வகுப்பு ஒத்திருப்பது எதற்கும் சான்றாகாது. உண்மையை அறிய ஒரே வழி, போய்க் கேட்பது.

மக்கள் ஊர் திரும்பியிருந்தனர். வெல்லாவெளியில் அப்பெண்ணின் வீடு தறப்பாள் விரித்த கூரையோடு நின்றது. எங்களைக் கண்டதும் அவள் முகம் மாறியது. ஆயினும் உட்காரச் சொல்லித் தேநீர் தந்தாள். முகாமில் கை நீட்டியவர் வயலிலிருந்து வந்து, மண்வெட்டியைச் சாத்திவிட்டு, எதிரே குந்தினார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன்.

“நான் அவர்ர தம்பி, மிஸ்,” என்றார் அவர்.

எஞ்சியதை அவள் சொன்னாள். “அந்த நேரம் ஆமி வந்து பேர் கூப்பிட்டா ஒராள் எழும்ப வேணும் மிஸ். எழும்பாட்டி, எங்க போன, ஆரோட போன எண்டு கேப்பாங்க. வீட்டாக்களக் கொண்டு போயிருவாங்க. நீங்க என்னத்துக்குப் பேர் கூப்பிடுறீங்க எண்டு ஆர் கண்ட? எல்லாரும் எழும்பின. நாங்களும் எழும்பின.”

“ரெத்தம் எடுக்க எண்டு நான் சொன்னேனே?” என்றார் தொழில்நுட்பர்.

“சொன்னீங்க. அதுக்குப் பிறகு, இல்ல, இது வேற ஆள் எண்டு சொல்ல ஏலுமா?”

கணவர் எங்கே என்று நான் கேட்டேன்.

“இடம்பெயரக்குள்ள மாட்டத் தேடிப் போனவர். மறுகா நாங்க காணல்ல. மாடு ரெண்டும் வந்திட்டு.”

அவளுடைய கணவரின் இணையை விலக்க வேண்டும் என்றும், விலக்கினால் காரணம் எழுத வேண்டும் என்றும் சொன்னேன். தேநீர்க் குவளைகளை எடுக்க எழுந்தவள் அப்படியே நின்றாள்.

“எழுதாதீங்க மிஸ். இப்பயும் வந்து விசாரிக்கிறாங்க. அண்டைக்கு ஆர் கை நீட்டின எண்டு கேட்டு இவரையும் கொண்டு போனா நான் என்ன செய்யிற?”

“வெளிநாட்டுக்காரர் வாசிக்கிறதுதான்,” என்றேன்.

“எழுதினா எழுதினதுதானே, மிஸ்.”

ஆய்வறிக்கை பொதுவில் வைக்கப்படும். ஊர்ப்பெயரும், முகாமும், காலமும் அதில் இருக்கும். ஒரு வீட்டை அடையாளம் காண விரும்புகிறவருக்கு அவையே போதும்.

விடைபெறும்போது அவள் எங்களோடு வேலிவரை வந்தாள்.

“முதல் எடுத்தது அவர்ர ரெத்தந்தானே?”

“ஓம்.”

“அது இன்னும் இரிக்கா?”

“இருக்கு. குளிர்ப்பெட்டிக்குள்ள.”

“எவ்வளவு?”

என் சுண்டுவிரலின் நுனிக்கணுவைக் காட்டினேன். அவள் அதைச் சற்றுநேரம் பார்த்தாள்.

“அத வெச்சிரிங்க மிஸ். எறிஞ்சிராதீங்க.”

ஆய்வுகூடம் உள்ளவரை அது இருக்கும் என்று சொன்னேன். அப்போது பரிசு இன்னும் கைவிட்டுப் போகவில்லை.

முகாம்களில் பெற்ற இரண்டாம் குருதிகள் அனைத்தையும் விலக்கினேன். மாறுபட்டவற்றை மட்டும் விலக்கியிருந்தால் அவ்வீடுகளைச் சுட்டிக்காட்டியது போலாகும். மேலும், எஞ்சியவை மெய்யானவை என்று என்னால் உறுதிசெய்ய இயலாது. இடப்பெயர்வுக்குமுன் வீடுகளில் பெற்று மீந்தவை ஒரு கை நிறையக்கூட இல்லை. அவற்றைக்கொண்டு எதையும் நிறுவ முடியாது.

நேர்காணல் இணையத்தின் வழியாக நடந்தது. நடுவர்களில் கனிந்த குரலுடைய முதிய பெண்மணி ஒருவர் இருந்தார். என் ஆய்வின் நோக்கம் தம்மைக் கவர்ந்ததாகச் சொல்லிவிட்டு, இத்தனை இணைகளை ஏன் விலக்கினீர்கள் என்று கேட்டார்.

“அடையாளம் காண்பதில் பிழை நேர்ந்தது,” என்றேன்.

“குழாய்களை அடையாளம் காண்பதிலா, ஆட்களை அடையாளம் காண்பதிலா?”

நுட்பமான வினா. அவரிடம் அனைத்தையும் சொல்லிவிடலாம் என்று ஒருகணம் தோன்றியது. அருகில் மற்ற நடுவர்கள் இருந்தார்கள், ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“இரண்டிலும் இருக்கலாம்,” என்றேன். “திரட்டும் முறையில் உள்ள குறை.”

“அம்முறையை வகுத்தவர் நீங்கள்தானே?”

“ஆம்.”

அவர் வருந்தியதாகவே தோன்றியது. அதற்குமேல் எவரும் நெடுநேரம் வினவவில்லை. பரிசு ஓர் இளம் மரபணு ஆய்வாளருக்குக் கிடைத்தது. அவருடைய கட்டுரையைப் பின்னர் தேடிப் படித்தேன், தகுதியான ஆய்வு, குறைசொல்ல ஒன்றுமில்லை. என் தகுதிக்காலம் அந்த ஆண்டோடு முடிந்தது. வேறு பரிசுகளும் நல்கைகளும் இருந்தன என்பது உண்மை. அவையெல்லாம் முன்பு என்ன முடித்தீர்கள் என்று கேட்டன. முடித்ததாகக் காட்ட என்னிடம் எதுவுமில்லை.

உறைகுளிர்ப் பெட்டியைக் கேட்டு அதன் உரிமையாளர்கள் வந்தார்கள். நோய்க்குருதியை வேறெங்கும் வைத்திருக்க விதி இடந்தராது. நீராவியில் அவித்து, மருத்துவமனையின் எரிகலனுக்குக் கையளிக்க வேண்டும். குழாய்களை வெளியே எடுக்கும்போது தொழில்நுட்பர் ஒன்றைத் தனியே பிடித்தார்.

“இத மட்டும் எங்கட வீட்டு பிரிஜ்ஜில வைப்பமா? மீனோட மீனாக் கிடக்கும்.”

அவர் வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தார்கள். மின்சாரமும் அடிக்கடி நின்றது. வேண்டாம் என்றேன். அவித்து எடுத்தபோது குழாய்கள் எல்லாவற்றிலும் அந்த மஞ்சள் நீர் முட்டையின் வெண்கரு போல வெளுத்து இறுகியிருந்தது. பையிலிட்டுக் கட்டி மருத்துவமனையில் ஒப்படைத்தோம்.

அதை அவளிடம் சொல்லாமலிருப்பது முறையன்று. வெல்லாவெளிக்குப் போனேன். அவள் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். வெயிலில் நின்றபடியே சொன்னேன். பரிசு கிடைக்காததையும், அறை மூடப்பட்டதையும், குருதிகள் எரிக்கப்பட்டதையும்.

“அப்ப அந்தக் காய்ச்சலப் பத்தி ஒண்ணும் தெரிய வரல்லையா?” என்று கேட்டாள்.

“இல்லை.”

அவள் காலால் நெல்லைக் கிளறினாள். “எரிக்கிறத்துக்கு முதல் சொல்லியிருந்தா வந்திருப்பன், மிஸ்.”

“வந்திருந்தாலும் தடுத்திருக்க ஏலாது, அக்கா.”

“தடுக்கிறத்துக்கு இல்ல. வீட்டாள் ஒராள் நிக்க வேணுந்தானே.” பிறகு, “எந்த நாள் எரிச்ச?” என்று கேட்டாள். “திவசம் குடுக்க ஒரு நாள் இல்லாம இரிக்கம். அந்த நாளயாவது வெச்சுக் குடுப்பம்.”

நாங்கள் பையை ஒப்படைத்த நாள் எனக்குத் தெரியும். எரிகலன் நிறைந்த பின்னரே மூட்டுவார்கள். அது எந்த நாளில் மூட்டப்பட்டது என்று எனக்குத் தெரியாது. மருத்துவமனைக்குத் திரும்பிப் போய் விசாரித்தேன். அவர்களுக்கும் தெரியவில்லை.