ரியாத்துக்கு இரண்டரை மணித்தியாலம்

சூறாவளி கொண்டுபோன கூரைக்கு ஓடு போடவேண்டும் என்றுதான் உம்மா ரியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஒன்றரை.

முதல் கடிதம் கல்முனைக்கு வந்துசேர மூன்று கிழமை பிடித்தது. காலை பத்து மணிக்குக் கொழும்பில் பிளேன் ஏறியதாகவும், ரியாத்தில் இறங்கும்போது அங்கே மணி பன்னிரண்டரை என்றும் உம்மா எழுதியிருந்தார். நான் கழித்துப் பார்த்தேன். இரண்டரை மணித்தியாலம்.

என் அண்ணன், ஒன்பதாம் வகுப்புப் படித்த காக்கா, அதை ஒத்துக்கொள்ளவில்லை. தேசப்படத்தில் நூல் வைத்து அளந்து, ஏறக்குறைய இரண்டாயிரத்தைந்நூறு மைல் என்றார்.

“மணித்தியாலத்துக்கு ஆயிரம் மைலா? இது பிளேனா, துவக்குக் குண்டா?”

“அப்ப உம்மா பொய்யா எழுதியிரிக்கா?” என்றேன்.

காக்கா நூலைச் சுற்றினார். இரண்டு ஊர் மணிக்கூடுகளும் ஒரே நேரம் காட்டுவதில்லை என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே, வாப்பா மாட்டு வண்டியில் நாவிதன்வெளி வயலுக்குப் போய்ச்சேரும் நேரந்தான் ரியாத். தம்பி அழும்போதெல்லாம் அவனிடம் அதைத்தான் சொன்னேன். அவனுக்குச் சின்னமுத்து அம்மை கண்டு காய்ச்சலில் கிடந்தபோது உம்மாவுக்கும் எழுதினேன். “விடிய வெளிக்கிட்டா லுஹர் தொழுகைக்கு முதல் வந்திரலாம். தம்பியப் பாத்திட்டு பின்னேரமே போங்க உம்மா.” பிளேனை விட அதிக நேரம் ஓடும் கொழும்பு பஸ்ஸை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பதில் வந்தபோது தம்பிக்குச் சுகமாகியிருந்தது. உம்மா எல்லோரையும் விசாரித்திருந்தார், சினைமாட்டைக்கூட. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வரும் செய்தி கிடைத்தது. காலை பத்துக்கு அங்கே ஏறினால் பின்னேரம் ஐந்தரைக்குக் கொழும்பில் இறங்கலாமாம். ஏழரை மணித்தியாலம்! அதே வழி, அதே தூரம். உம்மா மெதுவாகப் பறக்கும் பிளேனில் வருகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

அந்தப் பிளேன் இறங்கிய மறுநாள் காலை வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. இறங்கிய உம்மா பையைக்கூட எடுக்காமல் தம்பியிடம் கையை நீட்டினார். அவன் வாப்பாவின் சாரனைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தான்.

“வாப்பா, ஆரு இவ?”

இதுதான் சமயமென்று நான் என் கேள்வியைக் கேட்டேன்.

“உம்மா, போகக்குள்ள ரெண்டரை மணித்தியாலம். வரக்குள்ள மட்டும் ஏன் ஏழரை?”

உம்மா நீட்டிய கையை எடுக்கவேயில்லை.

“எனக்கெண்டா போகக்குள்ளதான் கூட நேரம் எடுத்த மாதிரி இரிந்திச்சி, மகள்.”

நான் உள்ளே ஓடிப்போய்க் கணக்குக் கொப்பியை எடுத்துவந்து இரண்டு கணக்கையும் விரித்துக் காட்டினேன். உம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாவம், உம்மாவுக்குக் கழித்தல் வராது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.