மெர்ல் துரத்திய பாம்பு

கிரான்வில் யாஃப்தாவுக்குப் பாம்பு வளர்ப்பது அலுத்துப்போயிற்று. விஷயம் அவ்வளவுதான். எலிகளை வாங்கி ஃப்ரீசரில் அடுக்குவதும், பெட்டிகளைக் கழுவுவதும், குளிர் இறங்கினால் பாம்புக்குச் சூடு போதுமா என்று எழுந்து எழுந்து பார்ப்பதும் ஒரு கட்டத்தில் சலித்துவிட்டது. மூத்தவள் பிறந்த வருஷம், இருந்த பாம்புகளை ஒவ்வொன்றாக வேண்டியவர்களிடம் கொடுத்துவிட்டு அக்கடா என்று உட்கார்ந்தான். இதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் போர்ட் எலிசபெத்தின் பாம்பு வளர்ப்போர் சங்கத்தில் போய் "அலுத்துப்போச்சு" என்று சொல்லிப் பாருங்கள். பெற்ற பிள்ளையைச் சந்தையில் விட்டுவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

அதனால் அவன் வேறு ஒன்றைச் சொன்னான். "வீட்டுல அவளுக்குப் பிடிக்கலப்பா. பாம்பா நானான்னு நிக்கிறா." உடனே எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். ஒருவன் தோளில் தட்டினான். இன்னொருவன் பியர் வாங்கிக் கொடுத்தான். பொய் இவ்வளவு சுலபமாக விலைபோகும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

அவன் மனைவி மெர்ல் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே கிடையாது. உறைந்த எலியை அவன் சமையலறைத் தொட்டிப் பக்கத்தில் வெந்நீரில் போட்டு வைத்தால் முகம் சுளிக்காமல் ஓரமாக நகர்த்திவிட்டுப் பாத்திரம் கழுவியவள் அவள். கடைசிப் பாம்பு போன அன்று, "ஏன் குடுத்துட்ட? அந்தப் பழுப்புக்காரி சாதுவாத்தானே இருந்தா?" என்றுதான் கேட்டாள். "வேலை ஜாஸ்தியாயிருச்சு" என்று அவளிடம் ஒரு பதில், சங்கத்தில் ஒரு பதில்.

பழைய சிநேகிதத்துக்காக அவன் சங்கத்துக் கூட்டங்களுக்குப் போவதை விடவில்லை. அங்கே மெர்லுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்திருந்தது: மிசஸ் வேண்டாம். வருஷக் கடைசியில் சங்கம் கறி சுடும் விருந்து வைக்கும். ஒருமுறை அவளும் உருளைக்கிழங்கு சாலட் செய்து எடுத்துக்கொண்டு ஆசையாகக் கூட வந்தாள். அவள் மேசைப் பக்கம் போகப் போக, பெண்கள் தங்கள் பாம்புப் பெட்டிகள்மேல் துணியைப் போட்டு மூடினார்கள். பாம்பென்றால் ஆகாதவளுக்குக் காட்டும் மரியாதை அது. அவளுக்கு அது எப்படித் தெரியும்?

திரும்பி வரும்போது காரில் சொன்னாள். "அவங்களுக்கு என்னைப் பிடிக்கல கிரான்வில். வீட்டுல உக்காந்து முடி பின்னிவிடுறவதானேன்னு நெனச்சிருப்பாங்க."

அவன் ரேடியோ சத்தத்தைக் கூட்டினான். அடுத்த வருஷத்திலிருந்து அவள் வரவில்லை. அந்தக் காரும் போய்விட்டது, அந்த ரேடியோவும் போய்விட்டது, ஆனால் அன்று கை நீண்டு அந்தக் குமிழைத் திருகியது மட்டும் அவனுக்கு மறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதோடு சரி, வாயைத் திறக்கவில்லை.

பிள்ளைகள் வேலைக்கென்று கேப் டவுன் போய் வீடு வெறிச்சென்று ஆனபிறகு ஆசை திரும்பிவந்தது. சங்கத்தில் யாரோ ஒரு பாம்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். அது அவன் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு நாக்கை நீட்டிப் பார்த்தது. வீட்டுக்கு வந்தவன் இரண்டு நாள் சுற்றி வளைத்து, மூன்றாம் நாள் மெர்லிடம் கேட்டான்.

"கொண்டாயேன். நானா வேண்டாங்கறேன்?" என்றாள் அவள், ஒரு பெண்ணின் தலையில் சவுரி முடியை ஒட்டிக்கொண்டே. அந்த 'நானா'வில் அவனுக்குச் சுருக்கென்றது.

பிறகு என்ன, வீட்டில் வேறு பேச்சே இல்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜைக் குளிரவைத்துப் பிழைத்தவன், இப்போது ஒரு பெட்டியைச் சூடாக்கப் பொரிகடலைப் பொட்டலத் தாளைக்கூட விடாமல் படம் போட்டான். கூண்டு எவ்வளவு நீளம், சூடான மூலை எது, குளிர்ந்த மூலை எது, இரண்டிலும் பாம்பு ஒளிந்துகொள்ள இடம், கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு. கடையில் விற்பதெல்லாம் அவன் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. மரம் வாங்கிச் செய்ய ஆசாரி கேட்ட விலையும் பிடிக்கவில்லை. அவன் சுவரையே வெறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மெர்ல்தான் வழி சொன்னாள்.

"என் பீங்கான் அலமாரிய எடுத்துக்க. உள்ள இருக்கறதெல்லாம் வருஷத்துக்கு ஒருதரம் தூசி தட்டத்தான் ஆகுது."

அவள் அம்மா வீட்டிலிருந்து கல்யாணத்துக்கு வந்த அலமாரி. கெட்டி மரம், தள்ளுகிற கண்ணாடிக் கதவு. அவன் நடுத்தட்டை அறுத்து எடுத்து, பின்புறம் காற்றுக்கு ஓட்டை போட்டு, மேலே சூட்டுப் பலகையும் தெர்மோஸ்டாட்டும் பொருத்தினான். அழகாகத்தான் வந்தது. படம் எடுத்துச் சங்கத்து ஆட்களுக்கு அனுப்பினான். "ஒருவழியா அவள சம்மதிக்க வெச்சுட்டேன்" என்று கீழே எழுதியும் அனுப்பினான். அவள் அலமாரியைப் பிடுங்கிக்கொண்டு அவள் பெயரையே இன்னொரு தரம் கெடுத்திருக்கிறானே, இவனை என்ன சொல்வது?

பாம்பு கொடுத்தவள் நோம்வுயோ. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ், சங்கத்தில் எல்லோரும் மதிக்கிற ஆள். நியூசிலாந்தில் வேலை கிடைத்துப் போகிறாள். அந்த நாட்டுக்குள் பாம்பை விடவே மாட்டார்கள். அவளுடைய மீலி, பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்கிற சின்ன மலைப்பாம்பு, மக்காச்சோள நிறம், பெயருக்கு அர்த்தமும் அதுதான். இந்த ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாம்பைக் கொடுத்தவர் சில வாரம் கழித்துச் சொல்லிவிட்டு வந்து பார்ப்பார். திருப்தி இருந்தால் விட்டுப்போவார், இல்லையென்றால் துணிப்பையில் போட்டு எடுத்துப்போவார். யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் தெர்மோஸ்டாட்டின் சூடு பார்க்கும் கம்பி கூண்டின் உட்சுவரிலிருந்து கழன்று தொங்கியது. கரண்ட் போகும் நேரம் நெருங்கிவிட்டது. வேலைப் பையில் கறுப்பு டேப் இருந்தது. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் கை அல்லவா, யோசிக்காமல் கிழித்து ஒட்டிவிட்டது. பாம்புக் கூண்டுக்குள் டேப் போகவே கூடாது என்பது இந்த ஆட்கள் முதலில் கற்கும் பாடம். பாம்பு உரசிக்கொண்டு போகும், ஒட்டிக்கொள்ளும், பிடித்து இழுத்தால் தோல் உரிந்து வந்துவிடும். புதிதாக வருகிறவர்களைக் கூட்டத்தில் நிற்கவைத்து இதைச் சொல்லித் திட்டியவனே கிரான்வில்தான். நாளைக்குக் கிளிப் போட்டுக்கலாம் என்று நினைத்தான். அந்த நாளை வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் கோழி அடுப்பில் இருந்தது. மெர்ல் மஞ்சள் சோற்றைக் கிளறிவிட்டு வந்தவள் அலமாரி முன்னால் நின்றுவிட்டாள்.

"கிரான்வில், இங்க வா. இது ஏன் இப்படி முறுக்கிக்குது?"

டேப் ஒரு முனை பிரிந்து, மீலியின் தாடையிலிருந்து கழுத்துவரை ஒட்டியிருந்தது. அது விடுபடப் புரண்ட புரளலில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.  கதவைத் தள்ளி டேப்பைப் பிடித்து இழுக்கப் போனான். அவள் அவன் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

"இழுக்காத! சவுரிப் பசைய நான் இப்படியா எடுக்கறேன்? சூரியகாந்தி எண்ணெய எடுத்துட்டு வா. காது குடையற பஞ்சும்."

அவள் தரையில் உட்கார்ந்து பாம்பை மடியில் போட்டுக்கொண்டாள். அவன் உடம்பைத் தாங்கிப் பிடிக்க, அவள் பஞ்சில் எண்ணெய் தொட்டு டேப்பின் ஓரத்தில் விட்டு, ஊறவிட்டு, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். "இருடி, இருடி செல்லம், ஆச்சு" என்று பேசிக்கொண்டே செய்தாள். அடுப்பில் கோழி தீய்ந்து வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் நோம்வுயோ திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்தாள். சர்ச் உடுப்பு, கையில் ஒரு டப்பா கேக். பார்த்த உடனே கேக்கைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டாள்.

"உள்ள டேப்பா? பூட்டி, யாரு ஒட்டுனது இத?"

பூட்டி என்றால் அண்ணன். அவள் வாயிலிருந்து அந்த மரியாதை வந்ததும் கிரான்வில்லுக்கு உண்மை தொண்டையில் நின்றது. பழகிய பொய் அதைத் தள்ளிவிட்டு வெளியே வந்தது.

"மெர்லுக்கு இதெல்லாம் தெரியாதும்மா. பாவம், உதவி பண்றேன்னு..."

மெர்லின் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி பஞ்சை எண்ணெயில் தொட்டது. அவள் தலை நிமிரவில்லை.

நோம்வுயோ மெர்லை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டாள். "ஸிஸி, உங்க மேல எனக்குக் கோவமில்ல. தப்பு என்னோடது. உங்களுக்குப் பாம்பு பிடிக்காது, முன்ன இருந்ததெல்லாம் நீங்க வெளிய அனுப்பச் சொன்னீங்கன்னு சங்கத்துல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தருக்குப் பிடிக்காத வீட்டுல நான் குடுத்திருக்கவே கூடாது. மீலிய நான் எடுத்துட்டுப் போறேன்."

"நானா அனுப்பச் சொன்னேன்?"

"அப்படித்தானே... உங்களுக்குப் பேரே மிசஸ் வேண்டாம்னு..." நோம்வுயோ சொல்லிக்கொண்டே வந்தவள், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மெர்ல் மறுபடி பஞ்சை எடுத்தாள். கடைசி முனையையும் விடுவித்து, டேப்பைத் தரையில் வைத்து, ஈரத் துணியால் மீலியின் தாடையில் எண்ணெயைத் துடைத்தாள். ஓரிடத்தில் மேல்தோல் லேசாகச் சிவந்திருந்தது, மற்றபடி காயமில்லை. அப்புறம்தான் கணவனைப் பார்த்தாள்.

"அதான் துணியப் போட்டு மூடுனாங்களா?"

அவள் கத்தியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பான். இப்படிக் கேட்டதும் அவனுக்குத் தரையில் கண் வைக்க ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. எங்கே பார்த்தாலும் அந்த டேப்தான் கிடந்தது.

"நான்தான் ஒட்டுனேன்," என்றான். "அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னது பொய். அப்ப பாம்ப எல்லாம் குடுத்ததும் நான்தான். எனக்கு அலுத்துப்போச்சு. சொல்ல அசிங்கமா இருந்துச்சு, அதனால அவ பேரச் சொன்னேன்."

"இத்தன வருஷமா?" என்றாள் நோம்வுயோ.

"இத்தன வருஷமா."

 நோம்வுயோ தன் பையிலிருந்து எடுத்த துணிப்பையை மடித்து மறுபடி உள்ளே வைத்தாள். "ஸிஸி, உங்ககிட்ட கேக்கறேன். அவர்கிட்ட இல்ல. நீங்க வெச்சுக்கறீங்களா?"

மெர்ல் மடியில் சுருண்டிருந்ததைப் பார்த்தாள். "இவள வெச்சுக்கறேன். அந்தக் கம்பிக்கு இன்னைக்கே கிளிப் போடணும்." பிறகு, நோம்வுயோவிடம் சொல்வதுபோலவே சொன்னாள். "இங்க என் காதுல சொன்னது பத்தாது. எங்க சொன்னாரோ அங்க சொல்லட்டும். நானும் வரேன்."

மாதத்தின் முதல் சனிக்கிழமை, சர்ச் மண்டபத்தில் கூட்டம். மெர்ல் தலை வாரி, நல்ல சட்டை போட்டு, மீலி இருந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவளைக் கண்டதும் பக்கத்து மேசைப் பெண் பழக்கப்படி தன் பெட்டிமேல் துணியை இழுத்து மூடினாள். கிரான்வில் அதைப் பார்த்தான். மெர்ல் அதைப் பார்த்ததையும் பார்த்தான்.

தலைவர் டெஸ்மண்ட் எழுந்து உற்சாகமாகக் கூப்பிட்டார். "வாய்யா கிரான்வில்! மிசஸ் வேண்டாம், அவங்கள எப்படிய்யா மடக்குன? அந்த வித்தைய எங்களுக்கும் சொல்லு." மண்டபம் சிரித்தது.

அவன் எழுந்து நின்றான்.  இவர்கள் இனிமேல் தன்னிடம் ஒரு பாம்பைப் பிடித்துக்கொள்ளக்கூடக் கொடுக்கமாட்டார்கள் என்று தெரிந்தே பேசினான்.

"அவ வேண்டாம்னு ஒருநாளும் சொல்லல. எனக்குத்தான் அலுத்துப்போச்சு. பழிய அவமேல போட்டேன். போன மாசம் கூண்டுக்குள்ள டேப் ஒட்டி மீலியச் சாகக் குடுத்திருப்பேன். அவதான் எண்ணெய் போட்டு எடுத்தா. அந்தப் பழியயும் அவமேல போடப் பாத்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. டெஸ்மண்ட் கையிலிருந்த தாளைப் பார்த்தார். யாரும் அவன் தோளில் தட்டவில்லை, யாரும் பியர் வாங்கித் தரவில்லை. அவன் உட்கார்ந்தபோது பக்கத்து நாற்காலிக்காரன் காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான்.

மெர்ல் பையின் முடிச்சை அவிழ்த்து மீலியை வெளியே எடுத்தாள். பக்கத்து மேசைப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, தன் பெட்டிமேல் கிடந்த துணியை எடுத்து மடித்தாள்.