கற்பூரம் இறங்காத கிணறு

மந்தாரக்குப்பத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு எதிரே தனபாக்கியம் அக்கா இருந்தார். கணவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. அக்கா வீட்டுச் சுவரை ஒட்டியிருந்த கிணற்றில்தான் தெருவே தண்ணீர் இறைத்தது. எழுபத்தொன்பதில், மழை விட்ட பிறகு, அந்தக் கிணற்றில் தவளைச் சத்தம் நின்றது. வாளியில் வந்த தண்ணீர் மயில்கழுத்து நிறத்தில் மினுங்கியது. முகர்ந்தால் பெட்ரோல்.

பக்கத்து மனையில் லாரி வைத்துத் தொழில் செய்த ராமசாமி, மண்ணுக்கடியில் ஒரு சின்ன டேங்க் புதைத்திருந்தார். அக்கா மனு கொடுத்தார். வந்து பார்த்த அதிகாரி, "சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற சின்ன டேங்க்மா. இதுக்கு லைசென்சும் வேணாம், சோதனையும் கெடையாது. விதிவிலக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"என்னுது டீசலும்மா. உன் கெணத்துல அடிக்கிறது பெட்ரோலு. நான் என்னா பண்ணட்டும்?" என்றார் ராமசாமி.

அது உண்மைதான். அதனால்தான் தெரு பயந்தது. கிணற்றில் ஏதோ குடியேறியிருக்கிறது என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராமசாமியே பூசாரியை அழைத்து வந்தார். பூசணிக்காய் மேல் கற்பூரம் கொளுத்திக் கிணற்றுக்குள் இறக்குவதாக ஏற்பாடு. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஓடிவந்து தீப்பெட்டியைத் தட்டிவிட்டார்.

"கொளுத்தாதீங்க! வூடே பத்திக்கும்!"

"கற்பூரத்தப் பாத்து எப்டி மெரளுது பாரு. ஏறிக்கிச்சுடி இவ மேல" என்றாள் பக்கத்து வீட்டுப் பட்டம்மாள். இரண்டு பேர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பூசாரி குனிந்து தீப்பெட்டியை எடுத்தார்.

அக்காவின் தலைமுடி அவிழ்ந்தது. உடம்பு ஆடியது.

"டேய் ராமசாமி! நெருப்பு வக்காதடா! என் நெஞ்சு மேல இரும்பு கெடக்குது. ஒண்ணில்லடா, ரெண்டு! தோண்டி எட்றா!"

குரல் அக்காவிடமிருந்து வந்ததா, கிணற்றுக்குள்ளிருந்து வந்ததா என்று தெரியவில்லை. மனுவுக்கு அசையாத ராமசாமி கைகூப்பினார். "எடுத்துடறேன் தாயே."

மறுநாள் தோண்டினார்கள். ராமசாமியின் டேங்க் பழுதில்லாமல் மேலே வந்தது. ஆட்கள் கிளம்பப் பார்த்தார்கள்.

"ரெண்டுன்னு சொல்லிச்சேய்யா" என்றார் ராமசாமி.

கிணற்றுப் பக்கமாகத் தோண்டியதில் கடப்பாரை இரும்பில் மோதியது. யாரோ எப்போதோ புதைத்து மறந்துபோன பழைய டேங்க். துருவேறிய அடிப்பக்கத்திலிருந்து பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது.

ரொம்ப நாள் கழித்து, அன்று ஆடியது நடிப்புதானே என்று அக்காவிடம் கேட்டேன்.

"பின்ன? புள்ள உள்ள தூங்கிக்கினு இருக்குது. வேற என்னா பண்றது?" என்று சிரித்தார்.

"ரெண்டுன்னு எப்படித் தெரிஞ்சுதுக்கா?"

சிரிப்பு நின்றது.

"நான் ஒண்ணுன்னுதாம்மா சொன்னேன்."