ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

எனக்கும் என் தோஸ்துக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது. இரண்டு பேருக்கும் மூட்டுவலி, இரண்டு பேருக்கும் படிக்கிற கண்ணாடி, இரண்டு பேருக்கும் சொன்ன பேச்சு கேட்காத பிள்ளைகள். இந்த லட்சணத்தில் நாங்கள் வீடியோ கேம் செய்கிறோம். அதுவும் இன்றைய போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ இல்லை. நாங்கள் பாலிடெக்னிக்கில் படித்த காலத்திலேயே பழசாகிப்போயிருந்த, ரப்பர் பட்டன் வைத்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டருக்கு. கேட்டால் சிரிப்பார்கள் என்பதால் சொல்லும்போதே நாங்கள் முதலில் சிரித்துவிடுவோம்.

அந்த மிஷினுக்கு டி.வி.தான் திரை, புரோகிராமை ஏற்ற டேப்ரெக்கார்டர். கேசட்டைப் போட்டால் வாலை மிதித்த பூனை மாதிரி ஐந்து நிமிஷம் கத்தும். கத்தி முடித்துவிட்டு, சாவகாசமாக, எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று ஒரு வரி காட்டும். மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும். பாலிடெக்னிக் லேபில் கத்தல் முடியக் காத்திருந்த நேரத்தில்தான் நாங்கள் சிநேகிதமானோம். மற்ற பெண்கள் எல்லாம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்கள்.

படிப்பு முடிந்து, கல்யாணம், குழந்தை என்று வருஷங்கள் போயின. அவளுக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் கடை. மீன்காரர்கள், மளிகைக்காரர்கள், நகைக்கடைக்காரர்கள் என்று எடை போடுகிற அத்தனை பேரும் அவளிடம் வந்தாக வேண்டும். ஒருநாள் காயலான் கடை ஒன்றில் தராசு சரிபண்ணப் போனவள், அந்தத் தராசுத் தட்டின் மேலேயே எங்கள் லேப் மிஷின் இரண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டாள். கூலி வேண்டாம், இதைக் கொடு என்று தூக்கிக்கொண்டு நேராகக் காசிமேட்டில் என் வீட்டுக்கு வந்தாள்.

“ஒண்ணு உனுக்கு, ஒண்ணு எனுக்கு. வூட்ல திட்டுனா என் பேரச் சொல்லு.”

என் வீட்டுக்காரர் திட்டவில்லை. இது என்ன கால்குலேட்டரா என்று மட்டும் கேட்டார்.

இந்த மிஷின் மேல் பைத்தியமானவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரியவந்தது. ஸ்பெயினில், போலந்தில், இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கும் இதற்குப் புதுப்புது கேம் எழுதுகிறார்கள், இதில் செருகப் புதுப்புது கார்டு செய்கிறார்கள். நாங்களும் இணையத்தில் அந்தக் கூட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டோம். எது கேட்டாலும் ‘டியர் சார்’ என்று பதில் வரும். நாங்கள் சார் இல்லை, இரண்டு பேரும் பெண்கள் என்று அவள் எழுதிப் போட்டாள். அன்றிலிருந்து ‘டியர் சார் அண்ட் மேடம்’ என்று வருகிறது. அந்த சார் யார் என்று இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை.

அவள் கை சால்டரிங்கில் ஓடும், என் தலை கணக்கில் ஓடும். எனவே கார்டு அவள் பொறுப்பு, கேம் என் பொறுப்பு. மிஷின் முதுகில் செருகுகிற மாதிரி ஒரு புது கார்டு செய்தாள். போனில் போடுகிற சின்ன மெமரி கார்டை அதற்குள் தள்ளினால் போதும், கேசட் ஐந்து நிமிஷம் கத்திச் செய்கிற வேலை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடுகிறவள். நாள் முழுக்க ஜன்னலுக்கு வெளியே லாரிகளைப் பார்த்துப் பார்த்து, கேமிலும் லாரிதான் வந்தது. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டைத் தாண்டி ஷேர் ஆட்டோவைப் பிடிக்க வேண்டும். நடுவில் கன்டெய்னர் லாரிகள். அவ்வளவுதான் கதை. யார்டில் எவனாவது என்னிடம் எகிறினால் அன்று மாலை கேமில் ஒரு லாரி கூடும்.

பெரிய தலைவலி தமிழ் எழுத்து. அந்த மிஷினில் எழுத்துக்கு ஒதுக்கியிருக்கிற கட்டம் இங்கிலீஷ்காரனின் ஒல்லி எழுத்துக்கு வெட்டியது. அதில் ‘ணை’யை உட்கார வைப்பது குண்டு ஆளை சைக்கிள் பாரில் உட்கார வைக்கிற மாதிரி. நினைவகமும் கொஞ்சம்தான். நான் ‘லாரி வந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதியதைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “அத்த படிச்சி முடிக்கறதுக்குள்ள லாரி ஏத்திட்டுப் பூடும். ‘லாரி வர்து’ன்னு போடு, போதும்.” போட்டேன், இடமும் மிஞ்சியது. மிஞ்சிய இடத்தில் ஒரு காக்காயை விட்டேன்.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். ஒரு வாரம் அவள் கடையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு. இன்னொரு வாரம் நான் செய்ததை போனில் அனுப்பி, அவள் அங்கே ஓட்டிப் பார்த்து, இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்போம். வாரத்தில் ஆறு நாள் நான் பில், சமையல், மாமியாரின் மாத்திரை. அந்த ஒரு நாள் மட்டும்தான் என்னை யாரும் எதற்காகவும் தேடாத நாள். அதை இழந்தால் என்னிடம் வேறு எதுவும் இல்லை என்பதை அப்போது நான் வெளியில் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

கார்டு இரண்டு தயாரானது, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். அங்கேதான் சனி பிடித்தது. என் வீட்டில் கேம் நன்றாக ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று அப்படியே நின்றுவிடும். லாரி பாதி ரோட்டில், கூடைக்காரி ஒரு காலைத் தூக்கியபடி. எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசையாது. அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும். எப்போது நிற்கும் என்று சொல்லவே முடியவில்லை.

அவளுக்கு போன் போட்டேன்.

“தெனம் ஒரு வரி நோண்டிகினே கீற. வேல செய்யறத தொடாத, தொடாதன்னு எத்தினி தபா சொல்றது?” என்றாள்.

“கேசட்ல போட்டா நிக்காம ஓடுது. உன் கார்ட சொருவுனாத்தான் நிக்குது,” என்றேன்.

“என் கடைல அதே கார்டு, அதே கேமு, மத்தியானத்துலேர்ந்து ஓடிகினு கீது. வந்து பாரு.”

“அதே கார்டா? நல்ல கார்ட நீ வெச்சிகினு, சொத்தைய எனுக்குத் தள்ளிவுட்டுட்ட.”

எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் போய்விடும், நான் பின்னால் ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டும். அன்று பிடிக்கவில்லை.

“அப்டியா நெனச்சிகினு கீற? சரி,” என்று வைத்துவிட்டாள்.

அவளா அப்படிச் செய்கிறவள்? லேபில் நல்ல சால்டரிங் அயர்ன் ஒன்றே ஒன்று இருந்த நாளில், அதை முதலில் என் கையில் கொடுத்துவிட்டு, சூடு ஏறாததை வைத்துக்கொண்டு மல்லாடியவள். எல்லாம் ஞாபகம் வந்தது. ஆனால் போனை எடுத்துப் பேச வீம்பு விடவில்லை. அந்த ஞாயிறு போனது, அடுத்ததும் போனது. நான் அலமாரியை ஒழித்தேன், ஒழித்ததையே மறுபடி ஒழித்தேன்.

“போன் போடேன். மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு எத்தினி நாளு குந்தினு இருப்ப?” என்றார் வீட்டுக்காரர்.

“அவ போடட்டும்.”

“அவங்க வூட்லயும் இதான் நடந்துகினு இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

ஆடி பிறந்த பிறகு ஒரு ஞாயிறு. கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அவள், கையில் கட்டைப்பை. உள்ளே வந்தாள், உட்காரவில்லை. பையிலிருந்து தன் மிஷின், தன் கார்டு, காரில் ரிவர்ஸ் பார்க்க வைக்கிற சின்னத் திரை, எல்லாவற்றையும் எடுத்து என் மேஜையில் பரப்பினாள்.

“இந்தா, நல்ல கார்டு. நீ வெச்சிக்க. உன் சொத்தைய என்னாண்ட குடு.”

இவ்வளவு தூரம் சண்டைக்கென்று வந்தவளிடம் அழுதுவைத்தால் மரியாதையாக இருக்காது. பேசாமல் அவள் கார்டை என் மிஷினில் செருகினேன். கேம் ஓடியது. இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, ரேஷன் கடைக் க்யூவில் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி நின்றோம். கூடைக்காரி இரண்டு லாரியைத் தாண்டினாள், மூன்றாவதில் எல்லாம் நின்றுபோனது.

நல்ல கார்டும் நின்றுவிட்டது! நான் ஜெயித்துவிட்டேன், கொண்டாடியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஜெயிக்கவே பிடிக்கவில்லை.

அவள் விடுகிற ஆளில்லை. என் சொத்தை கார்டைத் தன் மிஷினில் மாட்டினாள், என் மிஷினை மறுபடி போட்டாள். இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே ப்ளக் போர்டில் ஓடின. நானும் டீ கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை என்பதைப் பார்த்து வீட்டுக்காரரே டீ போட்டு எடுத்துவந்தார். அவர் டம்ளரை வைக்கும்போது இரண்டு மிஷினும் ஒரே நொடியில் நின்றன.

அவள் திரையைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி ட்யூப்லைட்டைப் பார்த்தாள்.

“லைட்டு இன்னா ஆச்சு?”

“இன்னா ஆச்சு? நல்லாத்தான கீது.”

“இப்ப மங்குச்சே.”

“அதுவா? எதிர்ல ஐஸ் ஃபேக்டரி கீதே, கம்ப்ரஸர் ஓடறப்ப அப்டித்தான் மங்கும்.”

“எப்பத்துலேர்ந்து?”

“நாங்க குடி வந்ததுலேர்ந்து.”

கட்டைப்பையைக் கீழே போட்டுவிட்டு அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். “அடிப்பாவி, இத்த ஏண்டி சொல்லல?”

“இத்த இன்னான்னு சொல்றது?”

நிஜமாகவே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் ஒரு நாளில் பல தடவை விளக்கு மங்கும், ஃபேன் ஒரு மூச்சு மெதுவாகும், யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டோம். மிஷினோடு வந்த அடாப்டர் எங்களைப் போலவே வயதானது. தனி மிஷினை அது எப்படியோ இழுத்துக்கொண்டு போகும். கார்டும் சேர்ந்து கரண்ட் கேட்கிற நேரத்தில் கம்ப்ரஸரும் கிளம்பி வோல்டேஜ் இறங்கினால் அதனால் முடியவில்லை. வண்ணாரப்பேட்டையில் அவள் கடைப் பக்கத்தில் இருப்பது துணிக்கடை, கம்ப்ரஸர் இல்லை. அவள் கார்டும் சரி, என் கேமும் சரி. முதலில் வீட்டுக்காரர்தான் சிரித்தார், அப்புறம் எங்களுக்கும் சிரிப்பு மூச்சு வாங்குகிற அளவுக்கு வந்துவிட்டது.

கோளாறுக்குக் கம்ப்ரஸரைக் காரணம் சொல்லிவிடலாம். நான் சொன்ன வார்த்தைக்குச் சொல்ல முடியாது. “அந்த நல்ல கார்டுன்னு சொன்னது...” என்று ஆரம்பித்தேன்.

“டீ ஆறுது, குடி,” என்றாள்.

மீன் கடைத் தராசுக்குள் ஒரு பேட்டரி இருக்கும், கரண்ட் போனாலும் எடை போடுவது நிற்காது. அதே மாதிரி ஒன்றை வைத்து எங்கள் மிஷினுக்கு ஒரு புது பவர் பெட்டி செய்துவிட்டாள். அதற்கப்புறம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கேமையும், கார்டும் பெட்டியும் செய்கிற படத்தையும் இணையத்தில் வெளிநாட்டுக் கூட்டத்துக்குப் போட்டோம். காக்காய் பிரமாதம் என்று எழுதினார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

இனி எல்லாம் சுகம் என்றுதான் நினைத்தேன். கேம் முடிந்தது, கார்டு முடிந்தது, சண்டையும் முடிந்தது. அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு நானும் போடவில்லை. கோபம் கொஞ்சம்கூடக் கிடையாது. என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? ஒரு கோளாறு இருந்தவரைக்கும் காரணம் இருந்தது. சும்மா வாடி, உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லி எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமே இல்லை. மேஜையில் கேம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்காமல் ஓடுவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்றாவது ஞாயிறு போனை எடுத்தேன்.

“நின்னுபோச்சுடி.”

“எப்ப?”

“இப்பத்தான்.”

“பேட்டரி போட்டுதான கீது?”

“போட்டுதான் கீது.”

“எதையும் தொடாத. வரேன்.”

ஷேர் ஆட்டோ பிடித்து சால்டரிங் அயர்னோடு வந்தாள். மிஷினைப் போட்டாள், கேம் ஓடியது. கூடைக்காரி ரோட்டைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். எதிரே கம்ப்ரஸர் உறுமியது, ட்யூப்லைட் மங்கியது, லாரிகள் ஒரு புள்ளிகூடத் தயங்காமல் போய்க்கொண்டே இருந்தன. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். என் முகத்தில் அசடு வழிந்திருக்க வேண்டும்.

அவள் மிஷினை அணைத்துவிட்டு ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நெடுநேரம் உள்ளே பார்த்தாள். ஒரு இடத்தில் ஊதினாள், இன்னொரு இடத்தில் விரலால் தட்டினாள், உச்சுக் கொட்டினாள்.

“ரொம்பப் பேஜாரான கோளாறு. ஒரு ஞாயித்துக்கெழமைல ஆவுற வேல இல்ல. வர்ற வாரம் கடைக்கு எடுத்துகினு வா. அதுக்கு அடுத்த வாரம் நான் இங்க வரேன்.”

“எவ்ளோ நாளு இஸ்துகினு போவும்?” என்று கேட்டேன். குரலைச் சரியாக வைத்துக்கொள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

“நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தி போற வரிக்கும் ஆவும்,” என்றாள், மிஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல். “டீ வருமா, வராதா?”