மேப்பில் இருந்த கிணறு

பேய், பிசாசு, ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், நாள் முழுக்க மிஷினோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம், குறி கேட்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் மூஞ்சிக்கு நேரே சிரிப்பேன். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எங்கள் அய்யாவுக்கு எண்பது வயது, ஞாபகம் தப்பிவிட்டது. நான்தான் வைத்துப் பார்க்கிறேன். பெற்ற மகள் பெயர்கூட நினைவில் நிற்காது, ஆனால் சிறுவயதில் விட்டுவந்த பனையடியேந்தலைப் பற்றி மட்டும் ஓயாமல் பேசுவார். தொண்டிக்குப் போகிற வழியில் கடலோரம் இருந்த ஊராம், கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போய் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிவிட்டதாம். போனில் தேடினால் அப்படி ஒரு பெயரே இல்லை, வெறும் கருவேலங்காடுதான் தெரிகிறது. கடைக்கு வருகிற சர்வேயர் ஒருவரிடம் இதைப் புலம்பினேன். அவர் அந்தக் காலத்து சர்வே மேப் ஒன்றைத் தேடி அனுப்பினார், நாம் நிற்கிற இடம் அந்த மேப்பிலேயே தெரிகிற மாதிரி என் போனிலும் ஏற்றிக் கொடுத்தார்.

பெரிய தாளில் பிரிண்ட் போட்டுப் பார்த்தால், அடேயப்பா, ஊர் இருக்கிறது! நாலைந்து வீடு, சுற்றிலும் குட்டிக் குட்டியாகப் பனைமரப் படம், ஓரமாக ஒரு நீலப் புள்ளி, அது கிணறு, ரோட்டிலிருந்து அதுவரைக்கும் ஓர் ஒற்றையடிப் பாதை. அய்யா முன்னால் விரித்தேன். எழுத்து வாசனையே இல்லாத மனுஷன், விரலை அந்தப் பாதையில் வைத்து நீலப் புள்ளி வரை இழுத்துக்கொண்டே போய், "நல்ல தண்ணி, தாயி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேப்பைச் சுவரில் ஒட்டி வைத்தேன்.

அக்கினி வெயிலில் ஒருநாள் காலையில் அய்யாவைக் காணோம். செருப்புக்கூடப் போடவில்லை. பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் என்று நானும் தம்பி செந்திலும் அலையாத இடமில்லை, ராத்திரியும் போய்விட்டது. தண்ணீர் இல்லாமல் அந்த உடம்பு எப்படித் தாங்கும்? மறுநாள் விடிந்ததும் சுவரில் இருந்த மேப் கண்ணில் பட்டது.

"ஏலே செந்திலு, வண்டிய எடு. அய்யா ஊருக்குத்தான் போயிருக்காரு."

"எந்த ஊருக்கு? அங்கன ஊரே இல்லையேக்கா!"

"எடுறான்னா எடுடா!"

ரோட்டை விட்டு இறங்கியதும் கருவேல முள்தான், ஆள் நுழைந்த தடமே இல்லை. செந்தில் அரிவாளால் வெட்டிக்கொண்டே முன்னால் போக, நான் போனைப் பார்த்து வழி சொன்னேன். இரண்டு பேர் கையிலும் ரத்தம். உச்சிவெயில் ஏறிவிட்டது. அய்யா, அய்யா என்று கத்திக் கத்தி என் தொண்டை வறண்டு போனது. உயிரோடு பார்ப்போம் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது.

போனில் நாங்கள் நின்ற இடமும் நீலப் புள்ளியும் ஒன்றான இடத்தில் முள் விலகிக் கொஞ்சம் மணல் தெரிந்தது. அய்யா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வட்டமாகக் கல்கட்டு, உள்ளே விளிம்பு வரை காய்ந்த மணல். அவர் காலில் ஒரு முள் இல்லை, ஒரு கீறல் இல்லை. கையில் பனையோலைப் பட்டை, பதநீர் குடிக்க ஓலையை மடக்கிக் கட்டுவார்களே, அதுதான். பச்சை ஓலை, வெட்டின இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை. கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு பனைமரம் கிடையாது.

"வா தாயி. ரெண்டு பேரு வாராகன்னு சொன்னாக. ஒங்களுக்கும் வச்சிருக்காக, குடிங்க."

கல்லில் சாய்த்தபடி இன்னும் இரண்டு பட்டை, நிறையத் தண்ணீர்.

"யாருய்யா சொன்னா?"

"வேற யாரு? தண்ணி எறைக்கிறவுகதான்."

செந்தில் அலறிக்கொண்டு பின்னால் போனதில் அவன் கால் பட்டு ஒரு பட்டை கொட்டிவிட்டது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், மற்றதை நான் எடுத்துக் குடித்துவிட்டேன். யோசிக்கவே இல்லை, அவ்வளவு தாகம். சில்லென்று இருந்தது, துளி உப்புக் கிடையாது.

ஆஸ்பத்திரியில் அய்யாவைப் பார்த்த டாக்டர், "நேத்திலிருந்து வெயில்ல கிடந்த ஆள் மாதிரியே இல்லையேம்மா" என்றார். யாரோ விறகு வெட்ட வந்தவர்கள் கொடுத்திருப்பார்கள் என்று செந்தில் சொல்கிறான். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் நாங்கள் அங்கே போகப்போவது எங்களுக்கே அன்று காலையில்தான் தெரியும்.

அதுகூடப் பரவாயில்லை, மறந்து தொலைக்கலாம். போன வாரம் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தபோது அய்யா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பிக்கு வச்சது கொட்டிப் போச்சுல்ல, மறுபடியும் மொண்டு வச்சிருக்காக" என்றார். செந்திலிடம் இதை நான் மூச்சு விடவில்லை.

நேற்று செந்தில் கடைக்கு வந்தான். "அக்கா, அந்த மேப்புல எனக்கொரு காப்பி போட்டுக் குடேன்" என்றான். மிஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.